கோயில் கூடமானதும் மாமா தெருவைத் தாண்டாததும்

1

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். இங்கே யாங்கோனுக்கு, பழைய ரங்கூனுக்கு, போன் கிடைப்பது இன்றும் ஒரு பாடுதான். பல தடவை முயன்று, கடைசியில் கிடைத்ததும் நலம் கூட விசாரிக்காமல் கேட்டாள்:

"ஏளா, கோயிலக் கூத்தாடுறதுக்கு விட்டுட்டீங்களாமே?"

யாரோ ஊரில் சொல்லியிருக்கிறார்கள்.

"படம் வரையுறதுக்கு விட்டிருக்கோம்" என்றேன்.

"அது வேறயா?" என்றாள். இணைப்பு அறுந்துவிட்டது.

மறுபடி கிடைத்தாலும் போனில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல இது. அக்காவைப் போலக் கேட்கக்கூடிய மற்றவர்களுக்கும் சேர்த்து, என் நாட்குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் மாமாவைப் பற்றி. என் அம்மா இந்த ஊரில் பிறந்தவள். அறுபதுகளில் குடும்பமே கப்பலேறி ஊருக்குத் திரும்பியபோது அம்மாவின் அண்ணன் மட்டும் துறைமுக வேலையை விட மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய மகன் சாமுவேலுக்குத்தான் இருபது வருடங்களுக்கு முன் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். ஆகவே தாய்மாமனும் மாமனாரும் எனக்கு ஒருவரே. பெயர் தேவசகாயம். தெருவில் எல்லோருக்கும் அவர் 'ஊஜீ', அதாவது பெரியப்பா மாதிரி.

2

எங்கள் கோயில், ஒரு சின்னத் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயம், யாங்கோனின் போட்டாதாங் பகுதியில், ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. சிவப்புச் செங்கல் கட்டடம். மேற்கே வாசல், கிழக்கே பீடம். ஒரு பக்கம் ஆண்களுக்குப் பெஞ்சு, மறுபக்கம் பெண்களுக்குப் பாய். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாசலில் செருப்பை விடும்போது மட்டும் பாளையங்கோட்டையில் இருப்பதுபோல இருக்கும். மற்ற நேரங்களில் இது வேறு ஊர்.

சபை அப்போதே சிறியது. பிறகு இன்னும் குறைந்தது. சில குடும்பங்கள் ஆஸ்திரேலியா போயின. சிலருடைய பிள்ளைகள் பர்மிய வீடுகளில் பெண் எடுத்து, பகோடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். கடைசிக் காலத்தில் தமிழ் ஆராதனைக்கு நாங்களும் இன்னும் இரண்டு வீட்டாரும் மட்டுமே. போதகர் பிரசங்கத்தைத் தமிழில் தொடங்கி, என் மகள் நீலாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் பர்மிய மொழிக்கு மாறிவிடுவார்.

நீலாவுக்குத் தமிழ் புரியும். பதில் பர்மிய மொழியில் வரும். எப்போதாவது தமிழில் பேசினால், "தாத்தா வந்துச்சு, கோவமா இருக்குது" என்பாள். திருத்தினால் சிரிப்பாள். அவளைச் சொல்வானேன்? அக்காவிடம் பேசும்போது நானே தேநீரை 'லஃபெயே' என்று சொல்லிவிட்டு, அவள் "என்னது?" என்று கேட்ட பிறகுதான் விழித்துக்கொள்வேன்.

புயல் வந்த ஆண்டில் கூரையில் பாதி போய்விட்டது. தலைமைச் சபையில் பேசிப் பார்த்தோம். இத்தனை சிறிய சபைக்குக் கூரை போட முடியாது, நகரத்தின் மறுபக்கத்திலுள்ள கோயிலோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. நற்கருணைப் பாத்திரங்களையும் மணியையும் எடுத்துப் போனார்கள். கட்டடத்தை என்ன செய்வது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

3

யோசனை நீலாவுடையது. தபால்வழிக் கல்லூரியில் படிக்கிறாள், பரீட்சைக்கு முந்தைய வாரங்கள் தவிர மற்ற நேரமெல்லாம் படம் வரைகிறாள். எங்கள் வீடு நான்காம் மாடியில். எங்கள் படிக்கட்டை ஏணி என்றே சொல்லலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் படியில் உட்கார்ந்து இவளோடு சேர்ந்து வரைவார்கள். மேலே ஏறுகிறவர்கள் திட்டுவார்கள்.

"கோயில் சும்மாதானே இருக்கு" என்றாள் ஒரு நாள், பர்மிய மொழியில். "கூரையைத் தெருவே சேர்ந்து போடலாம். நாங்க வரையுறோம். நீங்க எல்லாரும் சாயங்காலம் உட்காருங்க. மின்சாரம் போனா அங்கதான் குளிர்ச்சி."

தெரு சேர்ந்தது. தகரம் ஒருவர், மூங்கில் ஒருவர், கை வேலை எல்லோரும். எங்கள் சுவரை ஒட்டிக் கைலிக்கடை வைத்திருக்கும் மீரா காக்கா, காயல்பட்டினத்துக்காரர், அந்த ஊர் வழக்கில் காக்கா என்றால் அண்ணன், தன் சின்ன வேனில் சாமான்களை ஏற்றி இறக்கினார். "நம்ம பள்ளிவாசல் வேலைக்கு இந்த வண்டி போனதில்ல, தங்கச்சி. கோயிலுக்கு ஓடுது. மறுமையில இதை எந்தக் கணக்குல எழுதுவாங்கன்னு தெரியல" என்றார்.

அனுமதி வாங்குவதுதான் கூரை போடுவதைவிடக் கடினம். நாலைந்து பேருக்கு மேல் கூடினாலே காரணம் சொல்ல வேண்டிய ஊர் இது. பள்ளி என்று எழுதினால் ஒரு இலாகா, சங்கம் என்று எழுதினால் வேறொரு இலாகா. வார்டுத் தலைவர் ஊ மியா தவுங் பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். அறுபதைத் தாண்டியவர், சிறு வயதில் இதே தெருவில் தமிழ்ப் பையன்களோடு பந்து விளையாடியவர். அந்தப் பழக்கத்தில் அவருக்குத் தமிழில் சாப்பாட்டுச் சொற்களும் சில கெட்ட வார்த்தைகளும் தெரியும். கடைசியில், "மழைக்கு ஒதுங்கும் இடம் என்று எழுதுவோம். மழைக்கு ஒதுங்க எந்த இலாகாவும் தடை சொல்லாது" என்றார்.

அப்படித்தான் கோயில் கூடமானது. பிரசங்க மேடை வர்ணப் புட்டிகள் வைக்கும் அலமாரியாயிற்று. பாட்டு எண்களைத் தொங்கவிடும் பலகையில் பிள்ளைகள் பஸ் எண்களைத் தொங்கவிட்டார்கள். பெஞ்சுகள் சுவரோரம் போயின. செருப்பை வெளியே விடச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோரும் தாமாகவே விட்டார்கள்.

4

மாமா எதிர்ப்பார் என்று நினைத்தோம். எதிர்க்கவில்லை. மேற்கு வாசல் படியில் உட்கார்ந்து, பெஞ்சுகள் இடம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டார்.

"டேய் சாமு, என்ன வேணும்னாலும் பண்ணுங்க. என் பெட்டி மட்டும் இந்த வாசல் வழியா உள்ள வரணும். கிழக்க பாத்து வச்சு ஒரு பாட்டு. உங்கம்மாவுக்கு வச்ச மாதிரி. அப்புறம் எங்க வேணும்னாலும் கொண்டு போங்க."

அத்தையின் பெட்டி அந்த வாசல் வழியாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் இறந்தவர். நேரே கோயிலுக்குக் கொண்டுவந்தோம்.

இதை ஊ மியா தவுங்கிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. பர்மியர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் இறந்தவரின் உடலை ஊருக்குள், வார்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் உயிர் போனால் அங்கிருந்து நேரே இடுகாடுதான்.

"கோயிலாக இருந்தபோது அது உங்கள் விஷயம், நாங்கள் கேட்டதில்லை" என்றார். "இப்போது இது தெருவின் வீடு. பிள்ளைகள் உட்கார்கிற இடம். ஊஜீ வார்டுக்குள் இறந்தால் தாராளமாகக் கொண்டுவாருங்கள், நானே ஒரு பக்கம் தூக்குகிறேன். வெளியில் என்றால் தெருக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். நானும்தான்."

மாமா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

எனக்கு அது வேறு விதமாக உறைத்தது. ஒவ்வொரு ஆண்டும் வெளிநாட்டவர் அட்டையைப் புதுப்பிக்கப் போகிறேன். ஒவ்வொரு ஆண்டும் அதே மேசையில், எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். என் அப்பா ஊரில் இறந்தபோது, போய்த் திரும்பி வர அனுமதிக் காகிதங்கள் கைக்கு வருவதற்குள் நாற்பதாம் நாள் ஜெபமே முடிந்துவிட்டது. அக்கா அடக்கத்தின் புகைப்படம் அனுப்பினாள். அதில் எல்லோரும் இருந்தார்கள். யார் எந்த எல்லைக்கு உள்ளே, யார் வெளியே என்ற கேள்வி எனக்குப் புதியதல்ல.

5

அதற்குப் பிறகு மாமா வார்டை விட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டார்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. சந்தைக்கு வருகிறீர்களா என்றால் கால் வலி என்றார். மறுபக்கத்துக் கோயில் ஆராதனைக்குக் கூப்பிட்டால் வீட்டிலேயே ஜெபித்துக்கொள்கிறேன் என்றார். தெருமுனையில் பெரிய சாலை, அதுதான் வார்டின் எல்லை. அதன் விளிம்பு வரை போய் நிற்பார், எதிர்ப்பக்கத்து டீக்கடையைப் பார்ப்பார், திரும்பி வருவார். அந்த டீக்கடையில் ஐம்பது வருடமாகக் குடித்தவர்.

"தாத்தா, நான் கையப் பிடிச்சுக்கிறேன், ரோட்டைத் தாண்டலாம்" என்றாள் நீலா.

"ரோட்டுல லாரி அடிச்சா எந்தப் பக்கம் விழுவேன்னு யாரு கண்டா?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. சிரித்தோம். நீலா மட்டும் சிரிக்கவில்லை.

நகரின் வடக்கே இன்சீனில் அவருக்கு ஒரு நண்பர் உண்டு. அந்தோணி, ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். மாதம் ஒரு முறை மாமா நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலேறி அவரைப் பார்க்கப் போவார். இருவரும் பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். ஆனால் பேசுவது தமிழில். அதுவும் நின்றது. "அவன் இங்க வரட்டும்" என்றார். அந்தோணிக்குக் கால் வராது என்று அவருக்குத் தெரியும்.

6

மழைக்காலத்தின் நடுவில் மாமாவுக்கு நிமோனியா. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டார். நினைவு தப்பியதும் கொண்டுபோனோம். சில நாட்களில் டாக்டர் என் கணவரைத் தனியே அழைத்து, வயதாகிவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார். அதன் பொருள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

மூச்சு இருக்கும்போதே வார்டுக்குள் கொண்டுபோய்விட வேண்டும். மீரா காக்காவின் வேனில் படுக்க வைத்தோம். "பெரியவரே, கொஞ்சம் பொறுங்க. பெரிய ரோடு தாண்டட்டும். அதுக்கப்புறம் உங்க இஷ்டம்" என்று அவர் சொல்லிக்கொண்டே ஓட்டினார். எல்லையைத் தாண்டியதும் ஹாரன் அடித்தார். தெருவே வெளியில் வந்தது.

நான்காம் மாடிக்கு ஸ்ட்ரெச்சர் ஏறவில்லை. முதல் திருப்பத்திலேயே மாட்டிக்கொண்டது. "கூடத்துக்குக் கொண்டுவாங்க" என்று நீலா கீழேயிருந்து கத்தினாள். அப்படியே மேற்கு வாசல் வழியாக உள்ளே போனோம். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் படுக்கை போட்டு, கிழக்கு பார்த்துக் கிடத்தினோம். அவர் கேட்டபடியே எல்லாம் அமைந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். பெட்டிக்காரருக்கும் சொல்லி அனுப்பிவிட்டோம். மற்ற இரண்டு வீட்டாரும் வந்து பாடத் தொடங்கினார்கள்.

இந்த ஊரில் சொந்த முகவரி அல்லாத இடத்தில் ஒரு இரவு தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் விருந்தாளி என்று பதிய வேண்டும். ஊ மியா தவுங் பதிவேட்டோடு வந்து, தலைமாட்டில் தயங்கி நின்றார்.

"எத்தனை நாள் தங்குவார் என்று ஒரு கட்டம் இருக்கிறது" என்றார் என் கணவரிடம், குரலைத் தாழ்த்தி. "என்ன எழுத?"

"நீங்களே எழுதுங்க, ஊலே" என்றார் என் கணவர், சித்தப்பாவைக் கூப்பிடும் பர்மியச் சொல்லால்.

அவர் 'ஒரு நாள்' என்று எழுதினார்.

விடிந்தது. பாடியவர்கள் களைத்துச் சுவரில் சாய்ந்திருந்தார்கள். பெட்டிக்காரர் அளவுக் கோலோடு வந்து வாசலில் நின்றார். மாமா கண்ணைத் திறந்தார். எதிர்ச் சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள். பச்சை யானை ஒன்று, மூன்று கால்களோடு.

"என்ன நாத்தம் இது?" என்றார்.

"பெயின்ட், மாமா" என்றேன்.

"அந்த ஆனைக்கு இன்னொரு கால் எங்க?"

மீரா காக்கா பெட்டிக்காரரின் தோளில் கை போட்டு, "வாங்க ஓய், டீ குடிப்போம்" என்று வெளியே கூட்டிப் போனார்.

7

மாமா பிழைத்ததைத் தெரு மறக்கவில்லை, அவரையும் மறக்க விடவில்லை. மாடி ஏறத் தெம்பு வரும்வரை கூடத்திலேயே இருந்தார். ஊ மியா தவுங் தினமும் வந்து பதிவேட்டில் 'இன்னும் ஒரு நாள்' சேர்த்தார். ஒரு கட்டத்தில் சேர்ப்பதை விட்டுவிட்டு, வாசலில் நின்று விசாரிப்பதோடு சரி. சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதுதான் இங்கே வணக்கம்.

"ஊஜீ, ஸா பீபீலா?"

"சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு" என்பார் மாமா தமிழில்.

பிறகு வீட்டுக்கு ஏறியும், பகலெல்லாம் கூடத்துப் பெஞ்சில்தான். புத்தாண்டு ஆட்டத்துக்குப் பெண்கள் ஒத்திகை பார்ப்பார்கள். பிள்ளைகள் அவரை உட்கார வைத்து வரைவார்கள். மூக்கைப் பெரிதாகப் போடுவதாகக் குறைப்பட்டுக்கொள்வார். கோயிலில் இருந்த எந்த ஞாயிற்றுக்கிழமையையும்விட இங்கே அதிகம் பேசினார். எல்லாம் அரைகுறை பர்மிய மொழியில்.

தெருவை மட்டும் தாண்டவில்லை. எல்லைச் சாலைக்கு இப்பாலேயே நின்றார்.

பனிக்காலத்தில் இன்சீனிலிருந்து ஆள் வந்தது. அந்தோணி படுத்துவிட்டார். அவருடைய மருமகளும் பேரப் பிள்ளைகளும் பர்மியர்கள், நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் காய்ச்சலில் அவர் தமிழில் பேசுகிறார், என்ன கேட்கிறார் என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை என்றார் வந்தவர்.

மாமா அன்று பிள்ளைகளோடு இருக்கவில்லை. வாசல் படியில் தனியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னிடம் குடையைக் கேட்டார்.

"மாமா, வழியில ஏதாவது ஆச்சுன்னா?" என்றேன். எதைச் சொல்கிறேன் என்று இருவருக்கும் தெரியும்.

"தண்ணி கேக்கானா, கம்பளி கேக்கானான்னுகூட தெரியாம நிக்கிறாங்கம்மா அந்த வீட்டுல" என்றார். "நான் எந்த வாசல்ல போனா என்ன? செத்த பெறவு எனக்குத் தெரியவா போகுது?"

நீலா கூடவே போனாள். பெரிய சாலையின் விளிம்பில் அவர் நின்றதை மேலேயிருந்து பார்த்தேன். நீலா கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு தாண்டினார். திரும்பிப் பார்க்கவில்லை.

8

அன்றிலிருந்து வாரம் இரு முறை போனார். அந்தோணி கேட்பதை அவர் சொல்ல, நீலா பர்மிய மொழியில் மருமகளுக்குச் சொல்வாள். "இட்லி கேக்குறான்" என்றால், அதை எப்படிச் செய்வது என்று நீலா வீட்டுக்கு வந்து என்னைக் கேட்பாள். அந்தோணி தேறி எழுந்து உட்கார்ந்தார்.

கண்ணை மூடியது மாமாதான். அந்தோணியின் வீட்டில், நாற்காலியில், பேசிக்கொண்டிருந்தபடியே தலை சாய்ந்துவிட்டது. தூங்குகிறார் என்று நினைத்து அந்தோணி கொஞ்ச நேரம் தொடர்ந்து பேசியிருக்கிறார். நீலா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தெருவோரத்தில் மேசை போட்டுக் காசுக்கு விடும் போனில் மீரா காக்காவின் கடைக்குக் கூப்பிட்டாள். நாங்கள் வேனில் போய்ச் சேர்ந்தபோது அங்குள்ள டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்திருந்தார்.

"நேரே இடுகாட்டுக்குத்தானே?" என்று காக்கா மெதுவாகக் கேட்டார்.

என் கணவர் தலையசைத்தார். சொன்ன சொல் சொன்னதுதான், தெருவோடு சண்டை வேண்டாம் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

"இல்ல" என்றாள் நீலா, தமிழில். "தெரு வரைக்கும் போலாம். முனையில நிக்கலாம். அவங்க வந்து பாக்கட்டும்."

காக்கா முன் இருக்கையைச் சாய்த்து மாமாவை அதில் உட்கார வைத்தார். கழுத்தில் துண்டைச் சுற்றி, தலையில் கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டார். குடையை மடியில் வைத்தார். வழியெல்லாம் ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.

பெரிய சாலைக்கு அப்பால், டீக்கடைப் பக்கம் வேனை நிறுத்தினோம். செய்தி எங்களுக்கு முன்பே வந்திருந்தது. எதிரே தெருமுனையில் எல்லோரும் நின்றார்கள். ஒத்திகைப் பெண்கள், பிள்ளைகளின் தாய்மார்கள், எனக்குப் பெயர் தெரியாத பலரும். ஊ மியா தவுங் மட்டும் சாலையைத் தாண்டி வந்தார்.

என்னைப் பார்த்தார். நீலாவைப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முன் கண்ணாடிப் பக்கம் குனிந்து, மாமாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, தெருமுனைக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்டார்:

"ஊஜீ, ஸா பீபீலா?"

வழக்கமாக எவ்வளவு நேரம் காத்திருப்பாரோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். நிமிர்ந்து, தெருவைப் பார்த்துத் திரும்பி, தமிழில் சொன்னார்:

"சாப்பிட்டாச்சாம்."

ஜன்னல் வழியாகக் கையை விட்டு மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வேனோடு சேர்ந்து நடந்தே சாலையைத் தாண்டினார். தெரு வழிவிட்டது. மேற்கு வாசலில் எல்லோருடைய செருப்பும் கிடந்தது.